மூன்றாவது செல்

முசரவாக்கம் கைலாசத்தின் காலி லாரியை இன்னொரு லாரியில் கயிறு கட்டித் தெருமுனை வரை இழுத்து வந்தார்கள். அங்கிருந்து ஆறு பேர் தள்ளிக்கொண்டு வந்து நசீருதீனின் பேட்டரிக் கடை வாசலில் நிறுத்தினார்கள். மாசி மாதம், காலை பத்து மணி இருக்கும். நசீருதீன் ஒரு கார் பேட்டரியைச் சார்ஜில் போட்டுவிட்டு, ஆப்பசோடா கரைத்த தண்ணீரில் கை கழுவிக்கொண்டிருந்தான். வந்தது எந்த லாரி என்று தெரிந்ததும் கையைத் துடைக்க மறந்து நின்றான்.

கைலாசம் இறங்கினார். முசரவாக்கம் பஞ்சாயத்துத் தலைவர் அவர். இரண்டு தலைமுறையாக நெல் விளைவித்த குடும்பம். இப்போது அரிசி மில்லும் இந்தப் பழைய பெட்ரோல் லாரியும் இருந்தன. அவருக்குப் பின்னால் டிரைவர் துரைக்கண்ணு இறங்கினான். அவனுடைய வலது கையில் மூங்கில் பத்தை வைத்துத் துணி சுற்றிக் கழுத்தோடு சேர்த்துக் கட்டியிருந்தது. முகம் வெளுத்திருந்தது.

"பாய், இவன் கையப் பாரு" என்றார் கைலாசம். குரலை உயர்த்தவில்லை. "திருப்புட்குழியாண்ட நேத்து மத்தியானம் வண்டி நின்னுபோச்சு. மேல அறுவது மூட்டை நெல்லு. செல்ஃப் அடிச்சா ஒரு முக்கல் மொனகல் இல்ல. எறங்கி முன்னால ஹேண்டிலச் சொருகிச் சுத்துனான். அது திருப்பி அடிச்சி மணிக்கட்டு ஒடஞ்சிடிச்சி."

நசீருதீன் துரைக்கண்ணுவைப் பார்த்தான். துரைக்கண்ணு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஐப்பசியில நீ கட்டிக் குடுத்த பேட்டரி இது. ரெண்டு வருஷம் ஓடும்னு சொன்ன. நாலு மாசந்தான் ஆவுது. உள்ள பழைய பிளேட்டப் போட்டு, மேல கீல ஊத்தி மூடிக் குடுத்துட்டன்னு ஊர்ல பேசிக்கினு இருக்கறாங்கோ. நான் நம்பல. நேர்ல வந்து கேட்டுக்கலாம்னு வந்தேன்."

தள்ளிக்கொண்டு வந்தவர்கள் போகாமல் வாசலை அடைத்து நின்றார்கள். எதிர்க்கடை சைக்கிள்காரரும் வந்து சேர்ந்துகொண்டார்.

அந்தக் காலத்தில் பேட்டரி செத்தால் தூக்கிப் போட மாட்டார்கள். கறுப்பு ரப்பர்ப் பெட்டியைத் திறந்து, உள்ளே அழிந்துபோன ஈயப் பிளேட்டுகளை எடுத்துவிட்டுப் புதிய பிளேட்டுகளைக் கட்டி, மேலே தார் போன்ற கீலைக் காய்ச்சி ஊற்றி மூடுவார்கள். லாரி பேட்டரி என்றால் ஆறு அறை. ஒவ்வொன்றும் ஒரு செல். கீல் இறுகிவிட்டால் உள்ளே இருப்பது கட்டியவனுக்கும் ஆண்டவனுக்கும் மட்டும்தான் தெரியும். அதனால்தான் நசீருதீன் தான் போடும் ஒவ்வொரு புதுப் பிளேட்டின் மேல்முனையில் நீட்டிக்கொண்டிருக்கும் காதிலும் ஆணியால் இரண்டு புள்ளி குத்திவைப்பான். வாங்குகிறவர்களிடம் அதைச் சொல்லியும் அனுப்புவான். கைலாசத்திடமும் சொல்லியிருந்தான்.

"புள்ளி வெப்பேன்னு சொன்ன இல்ல? இப்ப தொற. புள்ளி இல்லாத பிளேட் ஒண்ணு வந்தாலும் இந்த எடத்துல உன் கடை இருக்காது."

அவர் சொன்னால் செய்கிறவர். போன வருஷம் சந்தை ஏலத்தில் அவரை எதிர்த்துக் கையைத் தூக்கியவர் இப்போது வேலூரில் பிழைத்துக்கொண்டிருந்தார்.

நசீருதீன் பேட்டரியை லாரியிலிருந்து இறக்கிப் பலகைமேல் வைத்தான். மூடிகளைத் திருகி எடுத்தான். ஆசிட்டின் கனத்தைப் பார்க்கும் கண்ணாடிக் குழாயை முதல் செல்லில் விட்டு உறிஞ்சினான். உள்ளிருந்த மிதவை தாழ்ந்து நின்றது. இரண்டாவதிலும் அப்படித்தான். மூன்றாவதில் மிதவை எழும்பவே இல்லை. குழாயின் அடியிலேயே கிடந்தது. அவன் அதிக நேரம் பார்க்காமல் ஆசிட்டை உள்ளே விட்டுவிட்டு நாலாவதுக்குப் போனான்.

"இன்னா சொல்லுது?" என்றார் கைலாசம்.

"எல்லாமே எறங்கியிருக்குது தலைவரே."

அவன் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் மூன்றாவது செல்லைப் பற்றி அவனுக்கு மட்டும் தெரிந்த ஒன்று இருந்தது. ஐப்பசியில் மதராஸிலிருந்து வந்த பார்சலில் ஒரு செல்லுக்கான பிளேட்டுகள் குறைந்திருந்தன. மழை கொட்டிக்கொண்டிருந்தது. நாளைக் காலை லாரி கிளம்பியாக வேண்டும் என்று கைலாசம் இரண்டு முறை ஆள் அனுப்பிவிட்டார். பழைய பிளேட்டுகளில் சுமாராக இருந்தவற்றைப் பொறுக்கிக் கழுவி, மூன்றாவது செல்லில் கட்டிவிட்டான். அடுத்த பார்சல் வந்ததும் கூப்பிட்டு மாற்றிக் கொடுத்துவிடலாம் என்று நினைத்திருந்தான். பார்சல் வந்தது. கூப்பிடவில்லை. அந்தக் கழுவிய பிளேட்டுகளின் காதில் புள்ளி குத்த மட்டும் அன்று அவனுக்குக் கை வரவில்லை.

உள்ளறைத் திரைக்குப் பின்னால் அவன் மனைவி ஜோஹரா நிற்பது அவனுக்குத் தெரிந்தது. அவளுக்கு இது தெரியாது.

"எல்லாத்தையும் ஒடைக்க வேணாம். ஒரு செல் தொறந்தா போதும். எது வேணும்னு நீங்களே சொல்லுங்க" என்றான். தானே ஒன்றைக் காட்டினால் சந்தேகம் வரும்.

கைலாசம் குனிந்து பேட்டரியின்மேல் விரலை ஓட்டினார். விரல் மூன்றாவது செல்லின் மேல் வந்து, அங்கேயே நின்று, கீலைத் தட்டிப் பார்த்தது. பிறகு நகர்ந்து கடைசிக்குப் போயிற்று.

"இத்த தொற."

நசீருதீன் மூச்சை விட்டான். செல்களை இணைக்கும் ஈயப் பட்டையைத் துளைத்து எடுத்தான். ப்ளோ லாம்பைப் பற்றவைத்து நெருப்பைக் கீலின்மேல் காட்டினான். கீல் பளபளத்து இளகியது. கத்தியால் சுரண்டி எடுத்து, இரண்டு குறடுகளால் பிளேட்டுக் கட்டைப் பிடித்து மேலே தூக்கினான். ஆசிட் சொட்டச் சொட்டக் கட்டு வெளியே வந்தது. பழுப்புச் சேறு பொலபொலவென்று பெட்டிக்குள் உதிர்ந்தது.

வாசலில் நின்றவர்களிடமிருந்து ஒரு முனகல் எழுந்தது. "புதுசா இது?" என்றான் ஒருவன்.

நசீருதீன் கட்டின்மேல் தண்ணீர் ஊற்றிக் கழுவினான். கந்தலால் பிளேட்டுகளின் காதுகளைத் துடைத்தான்.

"பாருங்க தலைவரே. நீங்களே எண்ணுங்க."

ஒவ்வொரு காதிலும் இரண்டு புள்ளி. கைலாசம் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். கடைசிக் காதைத் தொட்ட பிறகு நிமிர்ந்தார்.

"உன்துதான். செரி. புதுப் பிளேட் நாலு மாசத்துல இப்பிடி உதிருமா?"

அதுதான் நசீருதீனுக்கும் புரியவில்லை. மூன்றாவது செல் செத்தால் அதில் ஆச்சரியமில்லை. மற்ற ஐந்தும் ஏன் சாக வேண்டும்? பேட்டரியோடு போராடித்தான் எல்லாரும் வண்டி ஓட்டினார்கள். டாக்சி சாமுவேல், வரதராஜர் கோயிலுக்குள் போனவர்கள் திரும்பி வர ஒன்றரை மணி நேரம் ஆனாலும் இஞ்சினை அணைக்க மாட்டான். கைலாசத்தின் லாரியை முசரவாக்கம் ஏரிக்கரை மேட்டில் சரிவைப் பார்க்க நிறுத்துவார்கள். காலையில் பிரேக்கை விட்டால் தானே உருண்டு ஸ்டார்ட் ஆகிவிடும். இதெல்லாம் இரண்டு வருஷம் ஓடிக் களைத்த பேட்டரிக்குச் செய்வது. நசீருதீன் ஒரு பழுப்புப் பிளேட்டை எடுத்து விரலால் அழுத்தினான். ஈயச் சட்டமே அரித்துப்போயிருந்தது. அளவுக்கு மீறி சார்ஜ் ஏறினால் இப்படி ஆகலாம். ஆனால் போன மாதம்தான் சார்ஜ் ஏற்றும் டைனமோவைச் சரிபார்த்துக் கொடுத்திருந்தான். மிச்சம் இருந்தது ஒன்றுதான்.

"இதுக்கு இன்னா தண்ணி ஊத்துனீங்க?"

கைலாசம் டிரைவர் பக்கம் கையைக் காட்டினார்.

"துரைக்கண்ணு, இன்னா தண்ணிப்பா?"

"டிஸ்டில் வாட்டர்தான்" என்றான் துரைக்கண்ணு, தரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"எங்க வாங்குன? என்னாண்ட வாங்கல."

"வேற எடத்துல."

"மிச்சம் இருக்குதா?"

தள்ளி வந்தவர்களில் ஒருவன் லாரிக்குள் ஏறி, சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு தகர டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்தான். பாதி தண்ணீர் இருந்தது. தெளிவாகத்தான் இருந்தது. நசீருதீன் மோந்து பார்த்தான். வாசனை எதுவும் இல்லை.

கூட்டத்தின் ஓரத்தில் ஆதிகேசவன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். பிள்ளையார்பாளையத்தில் நெசவுக்குப் போகும் சரிகையில் வெள்ளி எவ்வளவு இருக்கிறது என்று சோதித்துச் சொல்வது அவர் தொழில். அந்தச் சோதனைக்குச் சுத்தமான தண்ணீர் வேண்டும் என்பதால் வாரம் ஒருமுறை இந்தக் கடையில் டிஸ்டில்ட் வாட்டர் வாங்குவார்.

"பாய், இதுக்கு ஏன் யோசிச்சிக்கினு நிக்கிறே? என்னாண்ட வெள்ளித் தண்ணி இருக்குது" என்றார். கேரியரில் கட்டியிருந்த மரப்பெட்டியைத் திறந்து ஒரு பழுப்பு நிறக் குப்பியை எடுத்தார். "ஆசிட்ல வெள்ளியக் கரைச்சது. உப்பு துளி இருந்தாலும் காட்டிக் குடுத்துடும். ரெண்டு கண்ணாடி டம்ளர் கொண்டா."

ஜோஹராவின் கை திரைக்கு வெளியே இரண்டு டம்ளர்களை நீட்டியது. ஒன்றில் நசீருதீன் தன் கடைத் தண்ணீரை ஊற்றினான். மற்றதில் டப்பாத் தண்ணீரை ஊற்றினான். ஆதிகேசவன் கடைத் தண்ணீரில் நாலு சொட்டு விட்டுக் கலக்கினார். தண்ணீர் அப்படியே தெளிவாக இருந்தது. இரண்டாவதில் விட்டார். முதல் சொட்டு விழுந்த இடத்திலேயே வெள்ளையாகப் புகைந்தது. நாலாவது சொட்டில் டம்ளர் முழுவதும் அரிசி கழுவிய தண்ணீர் போல ஆகிவிட்டது.

"உப்புத்தண்ணி" என்றார் ஆதிகேசவன். "கெணத்துத் தண்ணியா இருக்கும்."

"இது போதும் பேட்டரி சாவறதுக்கு" என்றான் நசீருதீன். "ஆசிட்டோட சேந்து உள்ள இருக்கற ஈயத்த அரிச்சிக்கினே இருக்கும்."

எல்லாரும் துரைக்கண்ணுவைப் பார்த்தார்கள். கைலாசம் மெதுவாக அவன் பக்கம் திரும்பினார்.

"டிஸ்டில் வாட்டர்னு சொன்னியேடா."

துரைக்கண்ணு லாரியின் பக்கம் ஒதுங்கினான்.

"உன் கை ஒடஞ்சிதுன்னு நான் இங்க வந்து ஒரு மனுசன திருடன்னு சொல்லிக்கினு நிக்கிறேன். நீ கெணத்துத் தண்ணிய ஊத்திட்டு வாயத் தொறக்காம நிக்கிற." நசீருதீன் பக்கம் திரும்பினார். "பாய், உம்மேல தப்பு இல்ல. ஊர்ல நானே சொல்லிக்கிறேன். புதுசா கட்டிக் குடு. இவன் இனிமே என் வண்டியத் தொட மாட்டான்."

துரைக்கண்ணு இடது கையால் உடைந்த கையைத் தாங்கிக்கொண்டு நின்றான். அவனுக்கு மூன்று பெண் குழந்தைகள். மனைவி ரேணுகாம்பாள் கைலாசத்தின் மில்லில்தான் நெல் புழுக்கிக்கொண்டிருந்தாள். மணிக்கட்டு உடைந்த டிரைவரை வேறு யாரும் வைத்துக்கொள்ள மாட்டார்கள்.

கூட்டம் கலையத் தொடங்கியது. நசீருதீன் இன்னும் ஒரு நிமிஷம் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். பழைய பேட்டரி அவனிடமேதான் இருக்கும். மூன்றாவது செல்லை அவனே திறந்து, அவனே குப்பையில் போட்டுவிடலாம். ஆனால் திருப்புட்குழியில் செல்ஃப் அடிக்காமல் போனதற்கு எந்தச் செல் காரணம்? ஆறும் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தவை. ஒன்று முழுக்கச் செத்தால் மற்ற ஐந்தையும் இழுத்துக்கொண்டு போய்விடும். அடியிலேயே கிடந்த மிதவை கண்ணை விட்டுப் போகவில்லை.

"தலைவரே, கொஞ்சம் இருங்க" என்றான்.

கைலாசம் லாரிப் படியில் ஒரு காலை வைத்தவர் திரும்பினார்.

"மூணாவதையும் தொறக்கணும்."

"எதுக்கு? அதான் தெரிஞ்சிபோச்சே."

அவன் ப்ளோ லாம்பை மறுபடியும் பற்றவைத்தான். பேட்டரிப் பெட்டியின் ஓரத்தில் நெருப்பு பட்டு ரப்பர் கருகிய நாற்றம் அடித்தது. போனவர்கள் திரும்பி வந்தார்கள். கீலைச் சுரண்டிப் பிளேட்டுக் கட்டை வெளியே எடுத்தான். கழுவினான். காதுகளைத் துடைத்தான். பலகைமேல் வைத்துவிட்டு ஓர் எட்டு பின்னால் தள்ளி நின்றான்.

கைலாசம் குனிந்து பார்த்தார். ஒரு காதைத் தேய்த்துப் பார்த்தார். இன்னொன்றைத் தேய்த்தார்.

"புள்ளி இல்ல."

"இல்ல. பழைய பிளேட். கழுவிப் போட்டேன். பார்சல்ல ஒரு செட்டு கொறஞ்சிபோச்சி, நீங்க அவசரம்னு ஆள் அனுப்புனீங்க. சொல்லியிருக்கணும். சொல்லல."

திரைக்குப் பின்னால் ஒரு பாத்திரம் கீழே வைக்கப்படும் சத்தம் கேட்டது. தள்ளி வந்தவர்களில் ஒருவன் முன்னால் வந்து பலகையைக் காலால் எட்டி உதைத்தான். பேட்டரி ஆடி, ஆசிட் தெறித்துத் தரையில் நுரைத்தது. ஆதிகேசவன் சைக்கிளைக் குறுக்கே நகர்த்தி அவனைத் தடுத்தார்.

"அப்ப இவ்ளோ நேரம் ஏன்யா நாடகம் ஆடுன?" என்றார் கைலாசம்.

"பயந்தேன்."

"இப்ப பயம் போயிடிச்சா?"

"இல்ல."

அப்போதுதான் துரைக்கண்ணு பேசினான்.

"மொதலாளி, தண்ணி நான் ஊத்துனதுதான். ஆனா கார்த்திகையில உங்களாண்ட வந்து கேட்டேன். டிஸ்டில் வாட்டர் வாங்கணும்னு. 'நம்ம கெணத்துத் தண்ணிய விடவா அந்த பாய் விக்கிற தண்ணி ஒசத்தி'ன்னு சொன்னீங்க. தீவளிக்கு வந்த கலெக்டர் ஆபீஸ்காரங்களே பானையில புடிச்சிக்கினு போனாங்கன்னு சொன்னீங்க. அதான் ஊத்துனேன். இன்னிக்கி இத்தினி பேர் முன்னால அத்த எப்பிடி சொல்றதுன்னுதான்…"

முடிக்காமல் நிறுத்திவிட்டான்.

முசரவாக்கத்தில் கைலாசத்தின் கிணறு பேர் பெற்றது. கோடையில் பாதி ஊருக்கு அதுதான் குடிநீர். கலங்கிப்போயிருந்த டம்ளரைக் கைலாசம் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு ஆதிகேசவனிடம் கேட்டார்.

"இந்தத் தண்ணி குடிக்கலாமா, கூடாதா?"

"தாராளமா குடிக்கலாம் தலைவரே. நல்ல தண்ணிதான். வாய்க்குத் தெரியாத உப்பு. பேட்டரிக்குத்தான் ஆவாது."

கைலாசம் தகர டப்பாவை எடுத்து உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றிக் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டார். "நல்லாதான இருக்குது" என்றார், யாரிடமும் இல்லாமல். டப்பாவைப் பலகைமேல் வைத்தார்.

"எத்தினி நாள் ஆவும் கட்டறதுக்கு?"

"மூணு நாள். அதுவரைக்கும் கடை பேட்டரி ஒண்ணு மாட்டித் தரேன்."

"மாட்டு."

மாட்டிய பிறகு செல்ஃப் அடித்ததும் லாரி இஞ்சின் உறுமியது. ஓட்ட உட்கார்ந்தது தள்ளி வந்தவர்களில் இருந்த மில் ஆள் ஒருவன். கைலாசம் நசீருதீனைத் திரும்பிப் பார்க்கவில்லை. துரைக்கண்ணு எங்கே போவது என்று தெரியாமல் வாசலிலேயே நின்றிருந்தான்.

"ஏறுடா. இந்தக் கட்டுக்கு உள்ள எலும்பு எப்பிடி இருக்குதோ. பெரியாஸ்பத்திரியில காட்டிட்டுப் போலாம்" என்றார் கைலாசம் உள்ளிருந்து.

வாசல் காலியானதும் ஜோஹரா வெளியே வந்து, சிந்திய ஆசிட்டின்மேல் சோடாவைத் தூவினாள்.

"அந்த ஆளே தப்பு இல்லன்னு சொல்லிட்டுக் கெளம்பிட்டாரு" என்றாள். "நாலு மாசமா என்னாண்டகூடச் சொல்லல நீங்க."

"உன்னாண்ட சொல்ல இன்னும் பயம்."

அவள் சிரிக்கவில்லை. அன்று மத்தியானச் சாப்பாட்டைத் தட்டில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

செய்தி பரவ ஒரு நாள் போதுமாயிருந்தது. மறுநாள் இரண்டு பேர் தங்கள் பேட்டரியைத் திறந்து காட்டச் சொல்லி வந்தார்கள். நசீருதீன் திறந்து காட்டி, மறுபடி மூடிக் கொடுத்தான். இரண்டிலும் எல்லாக் காதிலும் புள்ளி இருந்தது. இருந்தும் அவர்களில் ஒருவர் அதன்பிறகு வரவே இல்லை. சாமுவேல் மட்டும் வழக்கம்போல இஞ்சினை அணைக்காமல் வாசலில் நிறுத்தி, "என்துல எத்தினி பழசு பாய்?" என்று கேட்டுவிட்டுப் போனான். கிண்டலா, சந்தேகமா என்று நசீருதீனுக்குத் தெரியவில்லை.

மூன்றாம் நாள் துரைக்கண்ணு பஸ்ஸில் வந்தான். கையில் இப்போது மாவுக்கட்டு போட்டிருந்தது.

"ஒவ்வொரு செல்லும் கட்டும்போது கூட ஒக்காந்து புள்ளிய எண்ணச் சொல்லியிருக்கறாரு" என்றான் கூச்சத்துடன்.

"எண்ணு. அதான் செரி."

ஸ்டூலில் உட்கார்ந்து எண்ணினான். முதல் செல், இரண்டாவது செல். மூன்றாவதுக்கான பிளேட்டுகளை நசீருதீன் ஈயம் உருக்கி இணைத்துக்கொண்டிருந்தபோது துரைக்கண்ணு கேட்டான்.

"பாய், ஒண்ணு கேக்கறேன். அன்னிக்கி வண்டி நின்னது உன் பிளேட்டாலயா, என் தண்ணியாலயா?"

நசீருதீன் நெருப்பைத் தணித்தான். மூன்று நாளாக அவனும் இதையேதான் யோசித்துக்கொண்டிருந்தான்.

"தெரியலப்பா" என்றான். "என் செல்லு மொதல்ல செத்திருக்கும்னு நெனைக்கிறேன். ஆனா மத்தது நல்லா இருந்திருந்தா நீ வீடு போய்ச் சேந்திருப்பியோ இன்னாவோ. நெசமா தெரியல."

துரைக்கண்ணு மாவுக்கட்டைத் தடவினான்.

"நான்கூட இஞ்சின் டைமிங்கக் கொறைக்காமத்தான் ஹேண்டில் போட்டேன். கொறச்சிருந்தா அது திருப்பி அடிச்சிருக்காது. அவசரம். மேல நெல்லு இருந்துது" என்றான். பிறகு, "செரி, அந்தக் காதக் காட்டு. எண்ணிடறேன்" என்றான்.

அந்தப் பேட்டரி இரண்டு வருஷத்துக்கு ஒரு மாதம் குறைவாக ஓடியது. துரைக்கண்ணுவின் மணிக்கட்டு கொஞ்சம் கோணலாகத்தான் கூடியது. ஆறு மாதம் மில்லில் மூட்டை எண்ணிக்கொண்டிருந்துவிட்டு மறுபடியும் லாரிக்கு வந்தான். ஹேண்டில் போடுவதற்கென்று கூடவே ஓர் ஆளை வைத்துக்கொள்ள கைலாசம் ஒப்புக்கொண்டிருந்தார். லாரி கடைக்கு வரும்போதெல்லாம் அவரும் சில சமயம் முன்சீட்டில் உட்கார்ந்திருப்பார். இறங்க மாட்டார். நசீருதீன் வெளியே வந்து மூடிகளைத் திருகிக் கடை டிஸ்டில்ட் வாட்டரை ஊற்றி முடிக்கும்வரை முன்கண்ணாடி வழியாக அவன் கையையே பார்த்துக்கொண்டிருப்பார். முடிந்ததும் துரைக்கண்ணுவிடம், "போலாம்" என்பார்.